ரைனோவுக்கு மூன்று விசிறி

அத்தியாயம் 4

காலை பத்தரை மணிக்கு ஜெனரேட்டர் அன்றைக்கு மூன்றாவது தடவையாகச் செத்தது.

சாவில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் இருமல். அடுத்து விக்கல். அதன்பின், மேடையேறிய பெரிய மனிதர் பேச்சை மறந்து நிற்பது போல நீண்ட மௌனம். லாகோஸ் நகரத்தின் முஷின் பகுதியில் இருந்த அந்தப் பதினொரு குடித்தன வளவில் மற்ற பத்து ஜெனரேட்டர்களும் துக்கம் விசாரிப்பது போலத் தொடர்ந்து உறுமிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா சிஸ்டர்?" என்று சபை ஊழியரான டீக்கன் ஒசாரோ கைகளை அகல விரித்தார். செத்தது அவருடைய ஜெனரேட்டர்தான். ஆனால் முகத்தில் லாட்டரி விழுந்த களை. "பொண்ணு பள்ளிக்கூடக் கட்டுரை அடிச்சா கம்ப்யூட்டர் ஓடுது. கார் பந்தய விளையாட்டைத் திறந்தா கரண்ட் போகுது. ஒரு தடவைன்னா தற்செயல். ஆறு நாள்ல இருபத்தேழு தடவை! அணைக்கிறது யாரு? நீங்களே சொல்லுங்க, யாரு?"

சிஸ்டர் என்று அழைக்கப்பட்ட மேடம் இபினாபோ ஜெனரேட்டரையும் டீக்கனையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் பரீட்சைக் கூடங்களில் கண்காணிப்பாளராக நின்று ஓய்வு பெற்றவர் அவர். பேசிக்கொண்டே இருப்பவர்களைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பழகிப்போன தொழில். ஓய்வுக்குப் பிறகு லாகோசில் துப்பறியத் தொடங்கியிருந்தார். கண்ணில் படாத திருடனே இல்லை என்று ஊரில் பேச்சு. கண்ணில் படுவதற்கு முன்பே பாதிப் பேர் பழைய பயத்தில் எழுந்து நின்றுவிடுவார்கள் என்பதுதான் உண்மை.

"மேடம், கேஸ் முடிஞ்சுது" என்றான் தவ்ஃபீக். "குற்றவாளி வானத்துல இருக்காரு. என் ஆட்டோ அவ்வளவு மேல ஏறாது."

தவ்ஃபீக் மஞ்சள் ஆட்டோ ஓட்டுபவன். 'துணைத் துப்பறிவாளர்' என்ற பட்டம், அவனே அச்சடித்துக்கொண்ட விசிட்டிங் கார்டில் மட்டும் இருந்தது. சம்பளம் சுட்ட வாழைக்காயும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும். அந்த மாதம் வேர்க்கடலை பாக்கி இருந்தது.

கேஸ் கொடுத்தவள் டீக்கனின் மகள் இட்டோஹான். பதினாறு வயது, பள்ளியில் கடைசி வருடம். வீட்டிலேயே தன் கையால் ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்திச் செய்ய வேண்டும் என்று எட்டு மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்தவள். ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். மதர்போர்டு எது, அதற்கு ஒத்துப்போகும் பிராசஸர் எது, ராம் எவ்வளவு போதும், கேபினெட்டில் புழுதி நுழையாமல் இருக்க என்ன வழி என்று எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தாள். படிப்புக்கும் ஆகவேண்டும், சனிக்கிழமை விளையாட்டுக்கும் ஆகவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டு ஜெனரேட்டருக்கு ஆகவேண்டும்.

அது சின்ன ஜெனரேட்டர். ஒரு மின்விசிறி, மூன்று பல்பு, ஒரு கம்ப்யூட்டர் என்றால் மூச்சுப் பிடித்துக்கொண்டு இழுக்கும். ஊரில் அதற்கு 'பக்கத்து வீட்டானை விட நான் பரவாயில்லை' என்று பெயர். பக்கத்து வீட்டானிடமும் அதேதான் இருந்தது.

"நான் லிஸ்ட்ல எழுதினது தேன்சிட்டு கார்டு, ஆன்ட்டி" என்றாள் இட்டோஹான். "விளையாட்டுப் படம் ஓட்டுற சின்ன கிராபிக்ஸ் கார்டு. தனியா கரண்ட் வயர்கூடக் கேக்காது. லிஸ்ட்டை எழுதி, ஆணியில தொங்கிட்டிருந்த அப்பா சட்டைப் பையில வெச்சேன். மறுநாள் எனக்குப் பரீட்சை. அப்பா மட்டும் கடைக்குப் போனாரு. வந்தது தேன்சிட்டு இல்ல, ரைனோ! மூணு மடங்கு பெருசு. அதுக்கு ஏத்த பவர் சப்ளை வேற. போனஸாம்."

"சந்தோஷமா இருந்துச்சா?"

இட்டோஹான் தலை குனிந்தாள். "ரொம்ப. அதான் தப்பு. உடனே உள்ள மாட்டிட்டேன். விளையாட்டைத் திறந்ததும் ரைனோ ஒரே மடக்குல மொத்தக் கரண்டையும் குடிக்குது, ஜெனரேட்டர் மயங்கி விழுது. அப்பாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன்."

"ஒன்பது வருஷமா ஓடுற ஜெனரேட்டர்" என்றார் டீக்கன். "அதுல குறை இல்ல. விளையாட்டுலதான் குறை. நான் சின்னதைக் கேட்டேன். மேலேயிருந்து பெரியதைக் கொடுத்து, பெரியதையும் அணைச்சுக் காட்டினாரு. ஞாயிற்றுக்கிழமை சபையில சாட்சி சொன்னேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க. அங்க டீக்கனுக்கு மேல மூப்பர். அந்த நாற்காலி ஒண்ணு காலியா இருக்கு. அது வேற விஷயம்."

அந்த வேற விஷயத்தைத் தவ்ஃபீக் மனதில் குறித்துக்கொண்டான்.

கடையில் மாற்றிக்கொள்ள ஏழு நாள் தவணை. ஏழாவது நாள் இன்று, இரவு கடை மூடும் வரை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி, கம்ப்யூட்டரைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சபைக்கு ஆள் உயர ஒலிபெருக்கி வாங்குவது என்று டீக்கன் முடிவு செய்திருந்தார்.

"மனுஷக் கைதான் மாத்துச்சுன்னு நிரூபிச்சுட்டா பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார் பெருந்தன்மையாக. "சனிக்கிழமை விளையாடிக்கட்டும். என் வாக்கு வாக்குதான். நிரூபிக்கலேன்னா, ஆறு மணிக்கு ஸ்பீக்கர்."

"மேடம், எப்படியாவது நிரூபிச்சிடுங்க!" என்று ஏழாம் நம்பர் வீட்டுக்காரி துணி பிழிந்தபடியே கத்தினாள். "அந்த ஸ்பீக்கரோட வாய் என் ஜன்னலைப் பாத்துத்தான் இருக்கப்போகுது!"

மேடம் இட்டோஹானிடம் கை நீட்டினார். "நீ எழுதின நோட்டு எங்கே?"

நோட்டு ஃப்ரீசரில் இருந்தது.

பின்கட்டில் டீக்கனின் மனைவி குளிர்பானம் விற்பதற்காக வைத்திருந்த பெரிய ஃப்ரீசர் அது. அரசாங்கக் கரண்ட் சொல்லாமல் வந்து சாப்பிடாமல் போகும் விருந்தாளி. சின்ன ஜெனரேட்டரோ ஃப்ரீசரைப் பார்த்தாலே நடுங்கும். ஆகவே ஃப்ரீசர் அலமாரி ஆகி வெகுநாளாயிற்று. வீட்டில் எலி நுழையாத ஒரே இடம் அது. குளிரும் நுழைந்ததில்லை.

இட்டோஹானின் அம்மா தன் இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். பாட்டில்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டு. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டாள்.

"பூட்டு எதுக்கு?" என்றான் தவ்ஃபீக், தன் கையில் அவள் திணித்த மால்ட் குளிர்பான பாட்டிலைத் தொட்டுப் பார்த்து. கஞ்சி மாதிரி வெதுவெதுப்பு. "இந்தச் சூட்டுல எவன் திருடிக் குடிப்பான்?"

"வளவுல சின்னப் பசங்க இருக்காங்க, தம்பி. சூடாயிருந்தாலும் மால்ட் மால்ட்தான்" என்றாள் அவள். "ஒன்பது வருஷமா இந்தச் சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதில்ல."

இட்டோஹான் திருப்புளியால் ரைனோவைக் கழற்றித் துவாலையில் சுற்றினாள். பிறந்த குழந்தையைத் தத்துக் கொடுப்பவள் போல, அதன் பெட்டியோடு மேடத்தின் கைப்பையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆறு மணிக்குள்ள வந்துருவீங்கல்ல, ஆன்ட்டி?"

"மணி அடிக்கிறதுக்கு முன்னால வெளியே போற பழக்கமும் எனக்கில்ல. மணி அடிச்சப்புறம் உள்ளே வர்ற பழக்கமும் இல்ல" என்றார் மேடம்.

*

இக்கேஜா கம்ப்யூட்டர் வில்லேஜ் சந்தையில் ஆட்டோவை நிறுத்துவதற்குள் தவ்ஃபீக்கின் சட்டையை ஆறு பேர் பிடித்திருந்தார்கள்.

"பிரதர், போனா? லேப்டாப்பா? ஸ்க்ரீன் மாத்தவா?"

"என் முகத்தை மாத்துவியா?"

"ஒரிஜினல் பார்ட் ஸ்டாக் இல்ல, பிரதர்."

தவ்ஃபீக் அந்தப் பதிலை ரசித்தான். தொழில்காரன் தொழில்காரனை மதிக்க வேண்டும்.

"மேடம், ஒண்ணு யோசிச்சீங்களா?" என்றான் கூட்டத்தைப் பிளந்தபடி. "இங்க ஏமாந்துட்டேன்னு அழுதுட்டு வர்றவன் தினமும் நூறு பேர். கடைக்காரன் ஏமாத்தலேன்னு புகார் குடுக்க வர்றது நாமதான் முதல் ஆளு."

"அதனாலதான் வந்தோம். இந்தத் தெருவுல திருட்டு நடந்தா அது வியாபாரம். தர்மம் நடந்தா அது குற்றம்."

கடை ஒரு கட்டிலின் அகலம். வாசலில் ஒரு பெரிய பழைய ஜெனரேட்டர் அழுக்குத் துணியைப் போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. கூரையில் புத்தம்புதிய சோலார் தகடு. சுவரில் ஒரு பலகை: 'விற்ற பொருளுக்குப் பணம் திரும்பாது. பொருளுக்குப் பொருள். கண்ணீருக்கு எதுவும் இல்லை.' அதன் கீழே கடைக்காரன் ஒபியோரா, முப்பத்தைந்து வயது, கழுத்தில் செயின், வாயில் சிரிப்பு.

மேடத்தைப் பார்த்ததும் செயின் மட்டும் மிஞ்சியது.

"ஒபியோரா" என்றார் மேடம். "மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம். இடது முழங்கால்ல கெமிஸ்ட்ரி."

ஒபியோரா தன்னையறியாமல் பேன்ட்டை இழுத்து முழங்காலை மூடினான். "மேடம், அது பதினாறு வருஷத்துக்கு முன்னால…"

"இன்னுமா அழியல?" என்றான் தவ்ஃபீக்.

"உட்கார். ரெண்டு கையும் மேசை மேல. தேன்சிட்டு வாங்க வந்த டீக்கனுக்கு ரைனோவைக் குடுத்தது ஏன்?"

"வாடிக்கையாளர் மேல இருக்குற அன்பு, மேடம்."

பக்கத்துக் கடைக்காரன் கையிலிருந்த ஸ்க்ரூவைத் தவறவிட்டான். எதிர்க்கடையில் பேரம் நின்றது. அந்தத் தெருவில் அன்பு என்ற சொல்லைக் கடைசியாக யார் சொன்னார்கள் என்று எவருக்கும் நினைவில்லை.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெதுவாக அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து போய் அங்கேயே நின்றார். பரீட்சை எழுதிய எவனுக்கும் தெரியும், உலகத்தில் அதைவிடப் பெரிய சித்திரவதை கிடையாது.

முழுசாக நாற்பது விநாடி தாங்கினான்.

"போன்ல சொன்னாங்க மேடம்! டீக்கன் வர்றதுக்கு முந்தியே வித்தியாசப் பணத்தை அனுப்பிட்டாங்க. போனஸ்னு சொல்லச் சொன்னாங்க. யாருன்னு வெளிய விடமாட்டேன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"டீக்கன் குடுத்த லிஸ்ட் இருக்கா?"

ஒபியோரா யோசித்தான். "அதைக் காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணல" என்று முகம் மலர்ந்து, மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

கொட்டை எழுத்தில் எழுதிய தாள். இட்டோஹானின் கையெழுத்து இல்லை. மதர்போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் சரியாக இருந்தன. நான்காவது வரியைத் தவ்ஃபீக் உரக்கப் படித்தான்.

"ரைனோ. மூணு விசிறி வெச்சது. வேற எதுவும் வேண்டாம்."

"அதைக் கேக்காதீங்க!" என்று ஒபியோரா தலையில் அடித்துக்கொண்டான். "அந்தக் கார்டு செய்யறதே ரெண்டு விசிறியோடதான். உலகத்துல மூணு விசிறி ரைனோ கிடையாது. போன்ல சொன்னா கேட்டாத்தானே? 'மூணுன்னு எழுதியிருக்கு, நீ ஒண்ணைத் திருடப் பாக்கறே'ன்னு சண்டை. என் வாழ்க்கையில நான் திருடாம திட்டு வாங்கினது அன்னிக்குத்தான்."

மேடம் கைப்பையைத் திறந்தார். துவாலையைப் பிரித்தார். ரைனோவின் முதுகில் இரண்டு விசிறி. ஓரத்தில் ஒரு காண்டாமிருகத்தின் தலை வரைந்திருந்தது. அதன் கண் வட்டமாக, கறுப்பாக, ஏறக்குறைய ஒரு விசிறி அளவுக்கே இருந்தது.

அடுத்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'ஆசைப்பட்டேன், ஆனா வேண்டாம்' என்று தலைப்பு. முதல் வரி: 'ரைனோ. மூணு விசிறி. என்ன அழகு! ஆனா நம்ம ஜெனரேட்டர் ஒரே வாயில செத்துரும்.'

"இட்டோஹான் தங்கச்சி விளம்பரப் படத்தைப் பாத்து எழுதியிருக்கா" என்றான் தவ்ஃபீக் மெதுவாக. "கண்ணையும் சேர்த்து எண்ணிட்டா."

"முப்பத்தோரு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்" என்றார் மேடம். "சரியான விடையை எத்தனை பேரு வேணா ஒரே மாதிரி எழுதலாம். தப்பான விடையை ரெண்டு பேரு ஒரே மாதிரி எழுதினா, ஒருத்தர் எட்டிப் பாத்திருக்கார். உலகத்துல மூணு விசிறி ரைனோ இந்த நோட்டுல மட்டும்தான் இருக்கு. ஜெனரேட்டர் செத்துரும்ங்கறதும் இதே வரியிலதான் இருக்கு. படிச்சவங்க ரெண்டையும் படிச்சுத்தான் காப்பி அடிச்சிருக்காங்க."

"டீக்கன்!" என்று தவ்ஃபீக் தொடையில் தட்டினான். "அதே வீடு. மகளோட நோட்டு. ஜெனரேட்டர் சாகணும், சாட்சி சொல்லணும், மூப்பர் நாற்காலியில உக்காரணும். அற்புதத்தை ஆர்டர் குடுத்து வாங்கியிருக்காரு மேடம்! அதுவும் முன்பணம் கட்டி!"

"ம்" என்றார் மேடம்.

அவருடைய அந்த 'ம்'மைத் தவ்ஃபீக்குக்குப் பிடிக்காது. முந்தைய கேஸிலும் அவன் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த இடத்தில்தான் அது வந்தது.

மேடம் ரைனோவைக் கொடுத்துத் தேன்சிட்டை வாங்கினார். மிச்ச மதிப்புக்குப் பணம் கிடையாது என்று ஒபியோரா பலகையைக் காட்டினான். பொருளுக்குப் பொருள். மேடம் கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் முதலில் சிரித்தான், அப்புறம் அழப் பார்த்தான், கடைசியில் முழங்காலைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டான். வாழைக்காயும் வேர்க்கடலையும் வாங்கி வரப்போன தவ்ஃபீக் திரும்பியபோது, ஆட்டோவின் பின்னிருக்கையில் சாக்குப் போட்டு மூடிய கனமான ஒன்று மேடத்துக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது.

"இது யாரு?"

"சாட்சி. ஓட்டு."

ஓஷோடி சந்திப்பில் வண்டிகள் அசையாமல் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த நோட்டு எங்கே இருந்துச்சு, தவ்ஃபீக்?"

"ஃப்ரீசர்ல."

"ம்" என்றார் மறுபடியும். மிச்ச வேர்க்கடலையையும் அவரே தின்று முடித்தார்.

*

ஐந்தே முக்காலுக்கு ஆட்டோ வளவுக்குள் நுழைந்தபோது டீக்கன் வெள்ளை உடுப்பில் தயாராக நின்றார். கம்ப்யூட்டரைச் சுற்றக் கயிறுகூட வந்துவிட்டது. இட்டோஹான் கேபினெட்டின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இறுதி ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மாதிரி கூடும் அந்த வளவு முழுதும் வாசலில் கூடியிருந்தது.

"மனுஷக் கைன்னு நிரூபிச்சிட்டீங்களா, சிஸ்டர்?"

மேடம் கொட்டை எழுத்துத் தாளை ஒரு கையிலும் நோட்டை மறு கையிலும் தூக்கிக் காட்டினார். மூன்று விசிறிக் கதையைச் சொன்னார். கண்ணை விசிறி என்று எண்ணியதைச் சொன்னபோது இட்டோஹான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"டீக்கன், நான் உங்க அளவுக்கு வேதம் படிச்சவ இல்ல" என்று மேடம் முடித்தார். "ஆனா ஆண்டவரே லிஸ்ட்டை மாத்தியிருந்தா, விசிறியைச் சரியா எண்ணியிருப்பார்."

ஏழாம் நம்பர் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் கொடியிலிருந்து ஒரு சட்டை விழுந்தது. டீக்கன் குனிந்து சட்டையை எடுத்துக் கொடியில் போட்டார். சர்வ ஞானமும் உடையவர் காண்டாமிருகத்தின் கண்ணில் ஏமாந்தார் என்று சொல்ல எந்த டீக்கனுக்கும் துணிவு வராது.

"சரி. கை மனுஷக் கையா இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அணைக்கிறது? அதுவும் மனுஷனா?"

"மறுதேர்வு வெச்சிருவோம். அதே ஜெனரேட்டர், அதே விளையாட்டு. கார்டு மட்டும் உங்க பொண்ணு முதல்ல எழுதினது."

இட்டோஹான் தேன்சிட்டைப் பொருத்த நான்கு நிமிடம் ஆனது. திருப்புளி கையிலிருந்து நழுவாமல் இருந்திருந்தால் இரண்டு. ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார்கள். ஜெனரேட்டர் எழுந்தது. விளையாட்டைத் திறந்தாள். திரையில் சிவப்புக் கார் ஒன்று சீறிக் கிளம்பியது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. வளவே திரையை நோக்கிச் சாய்ந்தது.

ஜெனரேட்டர் இருமியது. விக்கியது. செத்தது.

"அல்லேலூயா!" என்று டீக்கன் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கினார். இட்டோஹான் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கறுத்த திரையில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. மணி ஆறுக்கு ஏழு நிமிடம்.

மேடம் மட்டும் குனிந்து ஜெனரேட்டரின் மூடியைத் திருகி, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார்.

"காலையிலேயிருந்து நாலு தடவை ஓட்டிக் காட்டியிருக்கீங்க. பெட்ரோல் யார் ஊத்தினது?"

யாரும் ஊற்றவில்லை. சாட்சிக்கு இடையில் எரிபொருளைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

"தவ்ஃபீக், உன் வண்டியில எவ்வளவு இருக்கு?"

"மேடம், அது பெட்ரோல் இல்ல, என் ரத்தம்."

"ரத்த தானம் புண்ணியம். குழாயை எடு."

தவ்ஃபீக் தன் ஆட்டோவின் வயிற்றில் குழாயைவிட்டு உறிஞ்சியபோது, துணைத் துப்பறிவாளர் வேலைக்கு இனி ராஜினாமாக் கடிதம்தான் என்று முடிவு செய்தான். ஆறுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் ஜெனரேட்டர் மறுபடி எழுந்தது. சிவப்புக் கார் கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. இட்டோஹான் ஒரு லாரியை உரசிக்கொண்டு முந்தினாள். ஜெனரேட்டர் சாப்பிட்டுப் படுத்த பூனை மாதிரி ஒரே சீராக முனகியது. ஆறு மணியைத் தாண்டி, பந்தயம் முடிந்து, கோப்பையும் வாங்கியாயிற்று. அரசாங்கக் கரண்ட் வந்தால் கத்துகிற அதே கத்தலை வளவு கத்தியது.

டீக்கன் நாற்காலியில் உட்கார்ந்தார். மூப்பர் நாற்காலி அல்ல, பிளாஸ்டிக் நாற்காலி.

"என் வாக்கு வாக்குதான். பெட்டி இருக்கட்டும்" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஆனா சிஸ்டர், மனுஷக் கைன்னா, யாரோட கை?"

தவ்ஃபீக்கின் ஆள்காட்டி விரல் தானாக டீக்கனை நோக்கி எழுந்தது. அதே நொடியில் மேடத்தின் செருப்பு அவன் கால் மேல் இறங்கியது.

"தொண்டை காயுது" என்றார் மேடம். "இட்டோஹான் அம்மா, குளிர்ந்ததா ஒண்ணு குடேன்."

*

பின்கட்டில் இட்டோஹான் அம்மா சாவியை முடிச்சிலிருந்து அவிழ்த்தாள். பூட்டுக்குள் நுழைக்கவில்லை.

"குளிர்ந்ததா என்கிட்ட ஒன்பது வருஷமா இல்லேன்னு உங்களுக்கே தெரியும், மேடம்."

"தெரியும். நோட்டு அந்தப் பூட்டுக்குள்ள இருந்துச்சு. சாவி உன் இடுப்பை விட்டு இறங்கினதில்லைன்னு நீயே சொன்ன. உன் வீட்டுக்காரர் எட்டிப் பாக்கணும்னாலும் உன்னைக் கேட்டுத்தான் பாக்கணும்."

தவ்ஃபீக்கின் மூளைக்குள் ஜெனரேட்டர் ஒன்று இருமி, விக்கி, நின்றது.

"சட்டையை இஸ்திரி போட்டதும் நான்தான்" என்றாள் அவள். "பையில இருந்த லிஸ்ட்டை எடுத்துட்டு என்னோடதை வெச்சேன். சீட்டுப் பணத்தைக் கடைக்காரனுக்கு அனுப்பினேன்."

"பெத்த பொண்ணோட கம்ப்யூட்டரைக் கெடுக்கவா?" என்றான் தவ்ஃபீக்.

"யார் கெடுத்தா? தம்பி, ஒன்பது வருஷமா இவர்கிட்ட பெரிய ஜெனரேட்டர் கேக்கறேன். ஃப்ரீசர் ஓடினா நாலு பாட்டில் விக்கலாம். 'போதுமென்கிற மனசே பெரிய ஆதாயம்'னு மூணு தடவை பிரசங்கமே பண்ணிட்டாரு. நானே வாங்கினா 'பொண்டாட்டி வாங்கினா'ன்னு வளவு சிரிக்கும், அதை உள்ளயே விடமாட்டாரு. அவரா வாங்கணும். அவரே வாங்கின கம்ப்யூட்டர் தினமும் நாலு தடவை செத்தா, ரெண்டு நாள்ல வெட்கப்பட்டுப் பெருசா ஒண்ணு வாங்கிடுவாருன்னு கணக்குப் போட்டேன்." பெருமூச்சு விட்டாள். "ஜெனரேட்டர் கடைக்குப் போவாருன்னு பாத்தா, மைக்கைப் பிடிக்கப் போயிட்டாரு."

"ஆறு மணிக்கு என்ன செய்யறதா இருந்த?"

"ஆறு அடிக்கறப்போ எல்லார் முன்னாலயும் சொல்லிடலாம்னுதான் நின்னேன். கயித்தைக்கூட நான்தான் ஒளிச்சு வெச்சேன். அவர் வேற கயிறு கொண்டு வந்துட்டாரு."

மேடம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்வாசலுக்கு நடந்தார்.

"யாருன்னு சொல்லுங்க, சிஸ்டர்" என்றார் டீக்கன்.

"விடைத்தாள்ல பேர் எழுத மாட்டாங்க, டீக்கன். நம்பர் மட்டும்தான். பேர் சொன்னா என் பென்ஷன் போயிடும்." மேடம் ஆட்டோவின் பின்னிருக்கையிலிருந்த சாக்கை உருவினார். "ஆனா குற்றத்துக்கு ஈடா ஒண்ணு வந்திருக்கு. ரைனோவுக்கும் தேன்சிட்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம்."

அழுக்குத் துணி போர்த்திய பழைய ஜெனரேட்டர். சின்னதைவிட நான்கு பங்கு பெரியது. சோலார் போட்ட கடைக்காரனுக்கு வேண்டாததாகிவிட்ட ஒன்று. பின்கட்டு வாசலில் இட்டோஹான் அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

டீக்கன் அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மூன்று பிரசங்கங்களும் அவரோடு சேர்ந்து சுற்றி வந்தன.

"நான் இதைக் கேக்கல" என்றார் மெதுவாக.

"கேக்கலதான்" என்றார் மேடம்.

"தானா வந்துச்சு."

"தானாவேதான்."

"கேக்காம வந்தா அதுக்குப் பேரு ஆசை இல்ல. கிருபை." அவர் முகம் தெளிந்தது. பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான சாட்சியை அங்கேயே நின்று எழுதத் தொடங்கினார். ஏழாம் நம்பர் வீட்டுக்காரி ஸ்பீக்கர் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் ஆமென் சொன்னாள்.

"முப்பத்தோரு வருஷத்துல எத்தனை பேரோட தாளைப் பிடுங்கியிருப்பீங்க?" என்று தவ்ஃபீக் கிசுகிசுத்தான்.

"நானூத்திப் பன்னெண்டு."

"இவங்க தாளை மட்டும் ஏன் விட்டீங்க?"

"கேள்வி தப்பா இருந்தா, காப்பி அடிச்சவங்களுக்கும் மார்க் போடணும்னு விதி இருக்கு."

பெரிய ஜெனரேட்டர் உறுமியது. பின்கட்டில் ஒன்பது வருட உறக்கத்திலிருந்து ஃப்ரீசர் சிலிர்த்து எழுந்து முனகத் தொடங்கியது. இட்டோஹான் அம்மா சிறிது நேரம் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கையில் குளிர் ஏறியதும் பூட்டைத் திறந்து, பாட்டில்களை ஒதுக்கி, பிளாஸ்டிக் பையைப் பிரித்து மேடத்திடமிருந்து திரும்பி வந்திருந்த நோட்டைச் சுற்றப் போனவள், நிறுத்தினாள்.

"இந்தா" என்று மகளிடம் நீட்டினாள். "இனிமே இது இங்க இருக்க முடியாது. நனைஞ்சுடும்."

இட்டோஹான் நோட்டைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். அம்மாவின் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். ஒரு லிஸ்ட்டில் எந்தப் பாகம் எதோடு பொருந்தும் என்று எட்டு மாதம் யோசித்த பெண்ணுக்கு இதைப் பொருத்த எட்டு விநாடிகூட ஆகவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மூன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள்.

"ரைனோவுக்கு ரெண்டு விசிறிதாம்மா" என்றாள் மெல்ல, தலை நிமிராமல்.

"அப்ப முதல்லயே ஒழுங்கா எண்ணி எழுது" என்றாள் அம்மா, தவ்ஃபீக்கின் கையில் ஒரு மால்ட் பாட்டிலை வைத்தபடி. அது இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "நீ எழுதினதை நம்பிக் கடைக்காரனோட அரை மணி நேரம் சண்டை போடறவங்க இருக்காங்கல்ல?"